ராணிப்பேட்டையின் மஞ்சள் நீர்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் ராணிப்பேட்டை. அங்கே சிப்காட் வளாகத்தில், தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை வெட்டவெளியில் விட்டுச் சென்றது. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அந்தக் குவியல் அங்கேயே கிடந்தது. மழை பெய்தால் அடிவாரத்தில் மஞ்சளாக நீர் கசியும்.

அந்த மஞ்சள்தான் ஆபத்து; அது அறுமதிக் குரோமியத்தின் நிறம். ஈயம் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். அறுமதிக் குரோமியம் அப்படியல்ல. நீரில் கரைந்ததும் அது எதிர்மின்னூட்டம் பெறுகிறது. களிமண்ணும் எதிர்மின்னூட்டம் கொண்டதென்பதால் அதைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை. மழைநீரோடு இறங்கி, நிலத்தடி நீரோடு நகர்ந்து, கிணறுகளை எட்டுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியமே அனுமதிக்கப்பட்ட உச்சம். இரும்பு உப்புகளும் மட்கும் அதை மும்மதி வடிவாக மாற்றினால் மண்ணில் படிந்து அடங்கிவிடும். வழி இருக்கிறது, இல்லாதது அவசரம்.

பாலாறு ராணிப்பேட்டையைத் தாண்டித்தான் காஞ்சிபுரம் வருகிறது. ஆற்று மணலுக்கடியில் ஓடும் நீரை நம்பியிருப்பவர்கள் நாம். கழிவை அகற்றுவதோடு அரசு நின்றுவிடக் கூடாது. சுற்றியுள்ள மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்திகரிக்க வேண்டும். கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகளை ஒவ்வொரு கிராமசபையிலும் தமிழில் படித்துக்காட்ட வேண்டும்.