கேமரா கார்னர்: கடல் ஏன் சாயுது?

மெரினாவுல நண்பனை ஓடவிட்டு, பின்னாலேயே நீங்களும் ஓடி ஷாட் எடுத்தாச்சு. துளி ஆட்டம் இல்லை, சூப்பர். ஆனா, பின்னணியில கடல் மட்டும் ஒரு பக்கமா வழியற மாதிரி சாய்ஞ்சு நிக்குதா? 'கிம்பல் அவுட்'னு உடனே சர்வீஸுக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க பாஸ். மோட்டார் மேல பெரும்பாலும் தப்பு இருக்காது.

கிம்பல் கடலையும் வானத்தையும் பார்த்து மட்டம் பிடிக்கறதில்லை. எவ்வளவு திரும்பினோம்னு ஜைரோஸ்கோப் சொல்லும். பூமி எந்தப் பக்கம் இழுக்குதுனு ஆக்சிலரோமீட்டர் சொல்லும். இந்த ரெண்டு பேர் பேச்சை நம்பித்தான் மோட்டார்கள் வேலை செய்யுது.

அதனால, முதல்ல எப்போ சாயுதுனு பாருங்க. ஆன் பண்ணதுலேர்ந்தே, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு சாய்வா? போன் கோணலா மாட்டியிருக்கலாம், இல்லைன்னா கேலிப்ரேஷன் போயிருக்கலாம். ஆஃப் பண்ணிட்டு, போனை நேரா மாட்டி பேலன்ஸ் பண்ணுங்க. கொத்தனார் ரசமட்டம் வெச்சுப் பார்த்த ஆடாத மேஜையில வெச்சு, மேனுவல்படி கேலிப்ரேட் பண்ணுங்க. ஓடற பஸ்ல வேண்டவே வேண்டாம்! அப்புறமும் மிச்சம் இருக்கற சாய்வை 'ரோல்' அட்ஜஸ்ட்மென்ட்ல கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணலாம்.

ஆரம்பத்துல நேரா இருந்து, பைக்ல வளைஞ்சதும் சாயுதா? அது வேற கதை. பஸ் திரும்பும்போது நம்மளை ஒரு பக்கம் தள்ளுதே, அதே தள்ளல் ஆக்சிலரோமீட்டருக்கும் உண்டு. புவியீர்ப்பே சாய்ஞ்சிடுச்சுனு நினைச்சு, அதுக்கேத்த மாதிரி கேமராவையும் சாய்ச்சிடும். இதுக்கு எத்தனை தடவை கேலிப்ரேட் பண்ணாலும் பிரயோஜனம் இல்லை. ஹீரோயினைச் சுத்திச் சுத்தி வர்ற ஷாட்டை சின்னச் சின்னதா எடுங்க. ஒவ்வொரு டேக்குக்கும் நடுவுல சில விநாடி அசையாம நில்லுங்க. ஏ.சி. ரூம்லேர்ந்து வெயிலுக்கு வந்த உடனே ஷூட் பண்ணாம, கிம்பலை ஆன் பண்ணிக் கொஞ்ச நேரம் விடுங்க. சூடு மாறினா ஜைரோ கணக்கும் கொஞ்சம் மாறும்.

'எடிட்டிங்ல பார்த்துக்கலாம் மச்சி'னு ஒரு குரல் வருமே... பார்த்துக்கலாம். ஆனா, 16:9 ஃப்ரேமை 2 டிகிரி திருப்பினா, மூலையில கறுப்பு தெரியாம இருக்க சுமார் 6 சதவிகிதம் பெருசாக்கணும். ஓரத்துல நிக்கற ஃப்ரெண்டோட தோள்பட்டை காலி!

வாடகைக்கு எடுக்கறவங்க, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே கடை வாசல்ல நின்னு கதவு நிலையை ஃப்ரேம்ல பாருங்க. சாய்ஞ்சிருந்தா அங்கேயே கேலிப்ரேட் பண்ணித் தரச் சொல்லுங்க. (நிலையே கோணலா இருக்கற கடைகளும் உண்டு. எதுக்கும் பக்கத்துக் கடை நிலையையும் ஒரு தடவை பார்த்துடுங்க.)