வெர்ஷன் மாறினால் விரல் மாறாது



"சார், வீட்டிலேயே கிட்டார் ரெக்கார்டிங் பண்ண எந்த சாப்ட்வேர் வாங்கலாம்? இருப்பதை அப்கிரேடு பண்ணலாமா?" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறீர்கள். தனித்தனியே பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

உங்களில் பெரும்பாலோருக்கு அப்கிரேடு தேவையில்லை. தேவை என்று நம்பவைக்கத்தான் யூடியூபில் தினம் ஒருவர் வந்து நிற்கிறார். அவருக்கு அது பிழைப்பு. உங்களுக்கு அது தவணைக் கடன். கள்ளக்குறிச்சியில் மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளை, அப்பா மரவள்ளி போட்டு வந்த பணத்தையும் சேர்த்து சாப்ட்வேருக்குக் கட்டுவதைக் கேள்விப்பட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். "வாசித்தால் சத்தம் தாமதமாகக் கேட்கிறது, அதனால் புது வெர்ஷன் வேண்டும்" என்கிறீர்கள். ஒரு நொடியில் 44,100 மாதிரிகள் பதிவாகின்றன. பஃபர் 1024 என்று வைத்திருந்தால் அதற்கு மட்டும் 23 மில்லி நொடி ஆகும். 128 ஆகக் குறைத்தால் 3 மில்லி நொடிதான். இதைத் தீர்மானிப்பது உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸும் அதன் டிரைவரும் கம்ப்யூட்டரின் வேகமும். வாசிக்கும்போது பஃபரைக் குறையுங்கள், மிக்ஸ் பண்ணும்போது கூட்டுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

"சத்தம் மொந்தையாக இருக்கிறது" என்று இன்னொரு புகார். கம்பி மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று? சுருதி சேர்த்தீர்களா? மின்விசிறியை நிறுத்தினீர்களா? வெறும் சிமெண்ட் சுவருள்ள அறையில் மைக்கை வைத்துவிட்டு சாப்ட்வேரைத் திட்டுவது, பேனா சரியில்லை என்று பரீட்சையில் தோற்றவன் சொல்வதைப் போன்றது.

"வாழ்நாள் முழுக்க இலவச அப்டேட்" என்ற வார்த்தையையும் நம்பாதீர்கள். கேக்வாக் நிறுவனம் 2016-இல் சோனார் சாப்ட்வேருக்கு அப்படித்தான் விற்றது. 2017 நவம்பரில் அதன் உரிமையாளரான கிப்சன், கிட்டார் செய்யும் அதே கிப்சன், வேலையை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. அந்த வாழ்நாள் ஒன்றரை வருடம்தான். 2018-இல் பேண்ட்லேப் அதை வாங்கி எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தது. காசு கொடுத்தவன் ஏமாளி ஆனான். 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனி சந்தா மட்டும்தான் என்றது. உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்த பிறகு சில நாளிலேயே பின்வாங்கியது. வாடகை வீட்டில் இருப்பவனுக்குச் சாவி எப்போதும் அடுத்தவன் கையில்.

அப்படியானால் எதைத்தான் வைத்துக்கொள்வது? வெறும் பதிவுக்கு ஆடாசிட்டி போதும், இலவசம். ஆனால் ஆம்ப் சத்தத்தைக் காதில் கேட்டுக்கொண்டே எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்க அது உதவாது. அதற்கு ரீப்பரைப் பாருங்கள். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிடித்தால் தனிநபர் உரிமம் 60 டாலர், 5,000 ரூபாய்ச் சொச்சம், ஒரே முறைதான். ஆப்பிள் கம்ப்யூட்டர் இருந்தால் கேரேஜ்பேண்ட் கூடவே வருகிறது. ஆம்ப் சத்தத்துக்கு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற பிளக்-இன் இலவசம். திருட்டு காப்பி மட்டும் வேண்டாம். வைரஸையும் சேர்த்து இறக்கிக்கொள்வீர்கள்.

அப்கிரேடே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போது இருப்பதில் செய்ய முடியாத ஒரு வேலையின் பெயரைச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் வாங்குங்கள். வாங்குமுன் மூன்று கேள்வி: பழைய பாட்டுகள் புதியதில் திறக்குமா? உங்கள் லேப்டாப் தாங்குமா? இன்டர்நெட் இல்லாதபோதும் அது வேலை செய்யுமா? மலையில் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்பவர்களுக்கு மூன்றாவது கேள்விதான் முதல் கேள்வி.

"ரஹ்மான் எவ்வளவு கருவி வாங்கினார் தெரியுமா?" என்பீர்கள். தெரியும். 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே ஸ்டுடியோ கட்டினார். ஆனால் அதற்கு முன்பே பல வருடம் மற்றவர்களின் இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். விளம்பரப் பாட்டுகள் செய்து, 1992-இல் ரோஜாவுக்கு வந்தார். முதலில் வேலை, பிறகு கருவி.

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், வெள்ளிமலைப் பக்கம் என் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் பாட்டிக்குக் களையெடுக்கும்போது பாடும் பாட்டுகள் ஏராளம் தெரியும். அவற்றைப் பதிவு செய்து கிட்டார் சேர்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. நல்ல ஆசை. இரண்டு வருடமாக "அடுத்த வெர்ஷன் வரட்டும் சார்" என்கிறான். பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. தம்பி, சாப்ட்வேருக்கு வெர்ஷன் 8 வரும், 9 வரும். பாட்டிக்கு வருமா? உன் செல்போனிலேயே பதிவு செய். கிட்டாரை அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளலாம். கோப்பை வேவ் வடிவில் இரண்டு இடத்தில் வைத்துக்கொள். எந்தக் கம்பெனி மூடினாலும் அது திறக்கும்.

மறுப்பவர்கள் கீழே எழுதுங்கள். ஆனால் எழுதுமுன், கடைசியாக எந்தப் பாட்டை முழுதாகப் பதிவு செய்து முடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.