6 கார் மட்டும் ஓடிய கிராண்ட்பிரீ: நரேனின் 5 புள்ளி ஓசியா? ஓயாத ரசிகர்கள் சண்டை

கோவை: 20 கார் ஓட வேண்டிய பந்தயம். ஓடியதோ வெறும் 6 கார். மீதி 14 காரும் பந்தயம் தொடங்கும் முன்பே ஷெட்டுக்குத் திரும்பிவிட்டன. 2005-ம் ஆண்டு ஜூன் 19-ந்தேதி அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த இந்தக் கூத்தை பார்முலா-1 ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. 20 ஆண்டு தாண்டியும் 'யார் மேல தப்பு?' என்ற வாக்குவாதம் முடிந்தபாடில்லை.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இதில் கூடுதல் சூடு. காரணம், அன்று 4-வதாக வந்தவர் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். அதில் கிடைத்த 5 புள்ளிதான் பார்முலா-1ல் ஒரு இந்திய வீரர் எடுத்த முதல் புள்ளி. அவருக்குப் பிறகு சென்னையின் கருண் சந்தோக் 2010, 2011-ம் ஆண்டுகளில் ஓட்டினார். புள்ளி கிடைக்கவில்லை. இன்று வரை நரேனின் அந்த 5 புள்ளிதான் இந்திய வீரர்களின் மொத்த கணக்கு.

'அது ஓசியில் வந்த புள்ளி' என்கிறது ஒரு தரப்பு. 'ஓடினவனுக்குத்தான் புள்ளி, ஓடாதவனுக்கு என்ன பேச்சு?' என்கிறது இன்னொரு தரப்பு. உண்மையில் அன்று நடந்தது என்ன?

வில்லனான 13-வது வளைவு

இண்டியானாபோலிஸ் மைதானத்தின் 13-வது வளைவு சாதாரண வளைவு அல்ல. சாய்வாகக் கட்டப்பட்டது. அதில் கார்கள் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்காமல் பறக்கும். மொத்த பாரமும் இடதுபக்க பின் டயர் மீது இறங்கும். 2004-ம் ஆண்டு இதே வளைவில்தான் ரால்ப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதி, அவருக்கு முதுகெலும்பில் அடிபட்டது. பல பந்தயங்களில் அவரால் ஓட்ட முடியவில்லை.

2005-ல் ஜூன் 17-ந்தேதி வெள்ளிக்கிழமை பயிற்சி நடந்தது. அதே ரால்ப், அதே வளைவு. இந்த முறை டொயோட்டா கார். இடது பின் டயர் பழுதாகி மறுபடியும் சுவரில் மோதினார். எல்லோருக்கும் பகீர் என்றது.

அப்போது பார்முலா-1க்கு 2 கம்பெனிகள் டயர் கொடுத்து வந்தன. பிரான்சின் மிச்செலின் 7 அணிகளுக்கு. ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் 3 அணிகளுக்கு. டொயோட்டா ஓடியது மிச்செலின் டயரில். அந்தக் கம்பெனி பிரான்சில் இருந்து அவசரமாக வேறு டயர்களை விமானத்தில் வரவழைத்தது. சோதித்துப் பார்த்ததில் அதுவும் தாங்காது என்று தெரிந்தது. 'அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் எங்கள் டயருக்கு உத்தரவாதம் இல்லை' என்று மிச்செலினே கைவிரித்துவிட்டது.

பிரிட்ஜ்ஸ்டோனுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை. அதன் துணை நிறுவனமான பயர்ஸ்டோன், அதே மைதானத்தில் நடக்கும் இண்டி 500 பந்தயத்துக்கு டயர் கொடுத்து வந்தது. அந்தத் தரை எப்படிப்பட்டது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

இதில் இன்னொரு சிக்கல். 2005-ல் ஒரு புது விதி இருந்தது. தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர்தான். நடுவில் மாற்றக்கூடாது. மாற்ற முடிந்திருந்தால் கதையே வேறு மாதிரி போயிருக்கும் என்பது பல ரசிகர்களின் வாதம். அந்த விதி 2006-ம் ஆண்டே கைவிடப்பட்டது.

விடிய விடிய பஞ்சாயத்து

நம்ம ஊரில் போலீஸ்காரர்கள் ரோட்டில் பேரிகார்டை மாற்றி மாற்றி வைத்து வண்டியை வளைந்து வளைந்து போக வைப்பார்கள் அல்லவா? அதுபோல 13-வது வளைவில் தடுப்பு வையுங்கள், வேகம் குறையும் என்று மிச்செலின் அணிகள் கேட்டன. 10 அணிகளில் 9 அணிகள் இதற்கு சம்மதம் சொன்னதாக கூறப்பட்டது. பெராரி மட்டும் இதில் சேரவில்லை.

உலக மோட்டார் கூட்டமைப்பான எப்.ஐ.ஏ. 'முடியவே முடியாது' என்றது. அதன் அப்போதைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி பிடிவாதமாக இருந்தார். கடைசி நேரத்தில் பாதையை மாற்றுவது ஆபத்து, சரியான டயரோடு வந்த அணிகளுக்கும் அநியாயம் என்பது அவர்கள் சொன்ன காரணம். வேண்டுமானால் அந்த வளைவில் மெதுவாகப் போங்கள், அல்லது ஒவ்வொரு சுற்றிலும் பிட் பாதை வழியாகப் போங்கள் என்று யோசனை சொல்லப்பட்டது. பக்கத்தில் 300 கி.மீ. வேகத்தில் பெராரி பறக்கும்போது ஒருவர் மட்டும் மெதுவாகப் போவதா என்று அணிகள் மறுத்துவிட்டன.

புள்ளி இல்லாத பந்தயமாகவாவது நடத்தலாம் என்ற யோசனையும் எடுபடவில்லை.

பாட்டில் வீச்சு, கூச்சல்

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்தனர். 20 கார்களும் வழக்கம்போல வார்ம்-அப் சுற்றுக்குக் கிளம்பின. முதல் இடத்தில் இருந்தவர் டொயோட்டாவின் ஜார்னோ ட்ரூலி. சுற்று முடியும்போது அவர் பிட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே மற்ற 13 மிச்செலின் கார்களும் வரிசையாக உள்ளே போய்விட்டன.

பாதையில் மிச்சம் இருந்தது 6 கார். பெராரி 2, ஜோர்டான் 2, மினார்டி 2. ஜோர்டான் ஓடப்போகிறது என்று தெரிந்ததும் மினார்டியும் ஓட முடிவு செய்தது.

முதலில் ரசிகர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கொதித்துப் போனார்கள். கூச்சல் காதைப் பிளந்தது. தண்ணீர் பாட்டில், பீர் கேன் எல்லாம் பாதையில் வந்து விழுந்தன. பலர் பாதியிலேயே எழுந்து போய் டிக்கெட் கவுண்ட்டரை முற்றுகையிட்டு காசைத் திருப்பிக் கேட்டனர்.

73 சுற்று முடிந்தபோது மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம், ரூபன்ஸ் பாரிசெல்லோ 2-ம் இடம், ஜோர்டானின் டியாகோ மான்டீரோ 3-ம் இடம், நரேன் 4-ம் இடம். மினார்டியின் ஆல்பர்ஸ், பிரீசாக்கர் 5, 6-ம் இடங்கள். மேடையில் பெராரி வீரர்கள் கொண்டாடவில்லை. முதல்முறையாக மேடை ஏறிய மான்டீரோ மட்டும் ஷாம்பெயின் பீய்ச்சி மகிழ்ந்தார்.

தப்பு யார் மேல்?

ரசிகர்கள் கூடும் இடத்தில் எல்லாம் இந்தக் கேள்விக்கு 3 பதில் வரும்.

முதல் பதில் மிச்செலின். உலகத்துக்கே டயர் விற்கிற கம்பெனி, ஒரு வளைவைத் தாங்கும் டயர் கொண்டு வர முடியாதா என்பது கேள்வி. நியாயம்தான். ஆனால் டயர் சரியில்லை என்று தெரிந்ததும் மூடி மறைக்காமல் சொன்னதும் அதே கம்பெனிதான். மறைத்திருந்தால் ஒரு உயிர் போயிருக்கலாம்.

இரண்டாவது பதில் எப்.ஐ.ஏ. சட்டத்தில் அவர்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் கூடியிருந்த ஜனத்துக்கு பந்தயம் காட்டவும் அவர்களிடம் வழி இல்லை.

மூன்றாவது பதில் பெராரி. அந்த சீசனில் அதுவரை நடந்த 8 பந்தயங்களில் ஒன்றுகூட ஜெயிக்காத அணி, இதைப் பயன்படுத்திக் கொண்டது என்ற கோபம் பலருக்கு உண்டு. ஷூமாக்கருக்கு அந்த ஆண்டின் ஒரே வெற்றி இதுதான். சீசன் முடிவில் 62 புள்ளியோடு 3-ம் இடம் பிடித்தார். 4-வதாக வந்த மோன்டாயா எடுத்தது 60. இண்டியானாபோலிஸில் கிடைத்த 10 புள்ளி இல்லாவிட்டால் அந்த 3-ம் இடம் கைநழுவியிருக்கும். ஆனால் சரியான டயரோடு வந்தவன் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பெராரி ரசிகர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்.

நரேன் புள்ளி ஓசியா?

நரேன் 19-வது இடத்தில் இருந்து கிளம்ப வேண்டியவர். ஜோர்டான் அந்த ஆண்டு கடைசி வரிசைக் கார். 20 காரும் ஓடியிருந்தால் அவர் 4-வதாக வந்திருக்க வாய்ப்பே இல்லை. அவருக்கு முன்னால் வந்த மான்டீரோ ஓட்டியதும் அதே ஜோர்டான் கார்தான். இதையெல்லாம் மறைத்து, உலகத்தையே ஜெயித்த மாதிரி பேசுவது சரியில்லை.

அதே சமயம், அணி ஓடு என்றது, அவர் ஓடினார். பாட்டில் வந்து விழுந்த பாதையில், கூச்சலுக்கு நடுவே, காரை உடைக்காமல் கடைசி வரை கொண்டுவந்து நிறுத்தினார். 2 மினார்டியும் அவருக்குப் பின்னால்தான் வந்தன. டயர் செய்தது அவர் இல்லை. விதி போட்டதும் அவர் இல்லை. பஞ்சாயத்தில் அவரை யாரும் கேட்கவும் இல்லை. வேலைக்கு வந்தவன் வேலையை முடித்தான், கூலி வாங்கினான். அதை ஓசி என்று சொல்வது அபாண்டம்.

காசு கொடுத்தது யார்?

இந்த சண்டையில் ரசிகர்கள் அதிகம் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. அன்று நிஜமாக நஷ்டப்பட்டது யார்? ஷூமாக்கருக்கு கோப்பை கிடைத்தது. எப்.ஐ.ஏ.வின் விதி காப்பாற்றப்பட்டது. 14 வீரர்களின் உயிர் பத்திரமாக இருந்தது. லீவு போட்டு, பெட்ரோல் போட்டு, குடும்பத்தோடு டிக்கெட் எடுத்து வந்தவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

அந்தக் காசைத் திருப்பித் தர முன்வந்தது மிச்செலின். 9 நாள் கழித்து, ஜூன் 28-ந்தேதி, டிக்கெட் பணத்தைத் தருவதாக அறிவித்தது. 2006 பந்தயத்துக்கு 20 ஆயிரம் டிக்கெட் வாங்கி, ஏமாந்த ரசிகர்களுக்குக் கொடுப்பதாகவும் சொன்னது. எல்லோரும் திட்டிய கம்பெனிதான் பர்சைத் திறந்தது.

7 அணிகள் மீது எப்.ஐ.ஏ. விசாரணை நடத்தியது. ஜூன் 29-ந்தேதி 2 குற்றச்சாட்டில் குற்றவாளி என்றது. ஜூலை 22-ந்தேதி அதையும் ரத்து செய்தது. கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லை. 2006-ம் ஆண்டு முடிவில் மிச்செலின் பார்முலா-1ஐ விட்டே போனது. 2007-க்குப் பிறகு இண்டியானாபோலிஸில் பார்முலா-1 நடக்கவில்லை. 2012-ல் ஆஸ்டின் நகரில்தான் அமெரிக்காவுக்குத் திரும்பியது.

திரும்பத் திரும்ப அதே கதை

இதில் இருந்து பாடம் படித்தார்களா? 2021 ஆகஸ்ட் 29-ந்தேதி பெல்ஜியத்தின் ஸ்பா மைதானத்தில் கொட்டும் மழை. ரசிகர்கள் மணிக்கணக்கில் நனைந்தார்கள். பாதுகாப்பு காரின் பின்னால் சில சுற்று மட்டும் ஊர்ந்துவிட்டு, பந்தயம் முடிந்தது என்று பாதிப் புள்ளி கொடுத்தார்கள். ரசிகர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று லூயிஸ் ஹாமில்டனே கேட்டார். அடுத்த ஆண்டு புள்ளிக்கான விதியைத்தான் மாற்றினார்கள்.

2023 நவம்பரில் லாஸ் வேகாஸ். பயிற்சி தொடங்கி 10 நிமிடம்கூட ஆகவில்லை. ரோட்டில் இருந்த தண்ணீர் வால்வு மூடி பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸின் பெராரியை அடித்தது. பயிற்சி ரத்து. அடுத்த பயிற்சி அதிகாலை 2.30 மணிக்குத்தான் தொடங்கியது. அதற்கு முன்பே ரசிகர்களை வெளியேற்றிவிட்டார்கள். அன்றைய ஒருநாள் டிக்கெட் எடுத்தவர்களுக்கு 200 டாலர் கூப்பன், அதுவும் கடையில் பொருள் வாங்க மட்டும். ரசிகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

காசு கொடுத்து கார் பந்தயம் பார்க்கும் பழக்கம் நம்ம ஊருக்கும் வந்தாச்சு. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றிய ரோட்டில் பார்முலா-4 இரவு பந்தயம் நடந்தது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப் போனது. புயல், மழை, டயர், வால்வு மூடி என்று பந்தயம் கெடுவதற்கு ஆயிரம் காரணம் வரும்.

நரேனின் 5 புள்ளி நரேனுக்கே. அதை யாரும் பிடுங்க முடியாது. பெராரியா, மிச்செலினா, எப்.ஐ.ஏ.வா என்று இன்னும் 20 ஆண்டு சண்டை போடலாம். ஆனால் டிக்கெட் வாங்கும் முன் ரசிகன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பந்தயம் கெட்டால் காசு திரும்ப வருமா, வராதா? அதற்கு டிக்கெட்டிலேயே பதில் அச்சடித்திருந்தால், அன்று இண்டியானாபோலிஸில் பாட்டில் பறந்திருக்காது.