மரத்தை வெட்டித்தான் மலையைப் பார்க்க வேண்டுமா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவின் நெடுஞ்சாலையை ஒட்டியே ஸ்நேக் ஆற்றுக் காட்சிமுனை இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுச் சிறிது நடந்தால் போதும். 1942இல் அன்செல் ஆடம்ஸ் எடுத்த புகழ்பெற்ற கறுப்பு வெள்ளைப் படம் அவ்விடத்திற்குரியது. இன்று அங்கே முக்காலி விரிப்போருக்கு ஒரு மனக்குறை: மரங்கள் ஓங்கி வளர்ந்து, படத்தில் வெள்ளியாய் மின்னும் ஆற்றின் வளைவைப் பெரிதும் மறைத்துவிட்டன. நாலு மரங்களைக் கழித்தால் என்ன, கலையைவிட மரம் பெரிதா என்று இலக்கியம் அறிந்தவர்களே கேட்கும்போது எங்களால் வாளாவிருக்க இயலவில்லை.

1929இல் பூங்கா அமைந்தபோது அதன் எல்லைக்குள் வந்தவை சிகரங்களும் அடிவார ஏரிகளுமே. ஆறோடும் சமவெளி வெளியே நின்றது. ஆடம்ஸ் படமெடுத்த ஆண்டில் இக்காட்சிமுனை பூங்காவிலேயே இல்லை! இளைய ராக்ஃபெல்லர் ஒரு நிறுவனத்தை முன்னிறுத்தி, தம் பெயர் வெளித்தெரியாமல் அங்கு நிலங்களை வாங்கிச் சேர்த்திருந்தார். 1943இல் அதிபர் ரூஸ்வெல்ட் அச்சமவெளியைப் பாதுகாப்பு நிலமாக அறிவித்ததும், பண்ணையாளர்கள் மாட்டு மந்தையை ஓட்டிச் சென்று எதிர்ப்புக் காட்டினர். (திரைநடிகர் வாலஸ் பீரியும் அதில் சேர்ந்துகொண்டார், நாட்டுக்கு நாடு நடிகர்கள் இப்படித்தான் போலும்.) 1950இல்தான் சமவெளியின் பெரும்பகுதி பூங்காவோடு இணைந்தது.

சிகரங்களை எவரும் பெயர்த்துக்கொண்டு போய்விட முடியாது. வழக்கெல்லாம் அவற்றின் முன்னே கிடக்கும் தாழ்நிலத்திற்காகவே நடந்தது. அந்நிலத்தில் முளைத்தெழுந்த மரங்களை, அந்நிலத்தின் அழகை உலகுக்குக் காட்டிய படத்தின் பெயராலேயே வெட்டுவது எவ்வகை அறம்?

யோசெமிட்டியை எடுத்துக்காட்டுவார்கள். காட்சிமுனைகளை மறைக்கும் மரங்களை நீக்க 2011இல் அங்குத் திட்டமே வகுக்கப்பட்டது; உண்மை. ஆனால் அப்பள்ளத்தாக்கைப் பழங்குடியினர் தீயிட்டுத் திறந்தவெளியாகப் பேணி வந்தனர். அவர்கள் விரட்டப்பட்டு, தீயும் தடுக்கப்பட்ட பின்னரே ஊசியிலை மரங்கள் அடர்ந்தன. அங்கே வாதாட இடமுண்டு, ஒப்புக்கொள்கிறோம். அவ்வாதத்திற்கு நிலத்தின் வரலாறு துணை நிற்கிறது. இங்கோ துணை நிற்பது ஓர் ஒளிப்படச் சட்டகம் மட்டுமே.

சாலையோரத்தில் நின்று படமெடுப்பதை இழிவென்போர் கட்சியிலும் நாங்கள் இல்லை. முழங்கால் வலியோடு வரும் முதியவருக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் மலையைக் காட்டுபவை அம்முனைகளே.

ஆற்றின் அவ்வளைவு அழிந்துவிடுமோ என்று அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டின் பொன்முலாம் தகட்டிலும் ஆடம்ஸின் இப்படம் பதிந்திருக்கிறது. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் அது போய்க்கொண்டிருக்கிறது. காட்சிமுனைக்கு வருவோர் மரங்களையும் சேர்த்தே எடுக்கட்டும். சிகரம் தெரியும், ஆற்றின் ஒரு கீற்றுத் தெரியும், எண்பது ஆண்டுகளில் வளர்ந்த பச்சையும் தெரியும். ஆடம்ஸுக்கு அது கிடைக்கவில்லை.