ஊரைக் கேட்காதீங்க... மாசத்தைக் கேளுங்க!

"பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. ஊட்டியா, கொடைக்கானலா?"

வருடத்துக்கு ஒரு தடவை சென்னையில் பாதி வீடுகளில் நடக்கும் பேச்சு இது. குமாஸ்தா வீடாக இருந்தாலும் சரி, மளிகைக் கடைக்காரர் வீடாக இருந்தாலும் சரி, பேச்சு ஊர்ப் பெயரில் தொடங்கி ஊர்ப் பெயரிலேயே முடிந்துவிடும். அந்த ஊரில் அந்த மாசம் மழையா, வெயிலா, என்ன கிடைக்கும், என்ன நடக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

விளைவு? கடைக்காரர் 4 நாள் கடையை அடைக்கிறார். குமாஸ்தா சேர்த்து வைத்த லீவையும் சீட்டுப் பணத்தையும் ஒரே மூச்சில் கரைக்கிறார். மலைப்பாதையில் வண்டிக்குள் அரை நாள். ஓட்டலில் ரூம் வாடகை இரண்டு மடங்கு. திரும்பி வந்ததும் "போதுண்டா சாமி" என்ற பெருமூச்சு. காசும் போச்சு, லீவும் போச்சு!

தப்பு ஊரில் இல்லை. போன மாசத்தில் இருக்கிறது.

இரண்டு மழை

இந்தியாவின் பெரும் பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் மழை. தமிழ்நாட்டின் கணக்கு வேறு. இங்கே வருடத்துக்குச் சராசரியாகப் பெய்யும் சுமார் 92 செ.மீ. மழையில், ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது.

ஜூன், ஜூலையில் சென்னைவாசி வியர்வையில் குளித்துக்கொண்டிருப்பான். அதே நாளில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்தில் சாரலாக விழும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஜிலுஜிலு என்று வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் சும்மா சொல்லவில்லை.

ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு கணக்கு உண்டு. நீலகிரியின் மேற்குப் பக்கம் அவலாஞ்சி. அங்கே 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிழக்குப் பக்கம் குன்னூர், கோத்தகிரி. அங்கே ஐப்பசி, கார்த்திகைதான் பயம். 2009 நவம்பரில் அந்த மலையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் மாண்டார்கள். மேட்டுப்பாளையம் மலை ரெயில் அடிக்கடி ரத்தாவதும் அந்த மாசங்களில்தான். "ஊட்டி எப்பவும் ஒரே மாதிரிதான்" என்று நினைத்து நவம்பரில் குழந்தை குட்டிகளோடு கிளம்புகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

உயிர் விளையாட்டு

மாசம் பார்க்காமல் போவதால் பணம் மட்டும் போவதில்லை. உயிரும் போகிறது.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. வெயிலில் காய்ந்து கிடந்த காட்டில் தீ பரவியது. மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டார்கள். சென்னையில் இருந்து போனவர்கள் உள்பட 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தமிழ்நாட்டுக்கு ஒரு வருடத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்தது! திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். பக்கத்து ஊர் ஜனங்கள்தான் சமைத்துப் போட்டார்கள்.

2024 மே 17. பழைய குற்றாலம் அருவியில் கோடை மழையால் திடீர் வெள்ளம். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மே மாசம் குற்றாலத்துக்கு சீசனே கிடையாது. ஆனி, ஆடி, ஆவணிதான் சீசன். சீசனிலும்கூட, போலீஸ்காரர் "வெளியே வாங்க" என்று விசில் ஊதினால் அடுத்த நிமிஷம் கரையில் நிற்க வேண்டும். "இன்னும் ஒரு முங்கு" என்று அடம் பிடிக்கக் கூடாது. மேலே மலையில் பெய்யும் மழை கீழே குளிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது.

ஒகேனக்கல்லும் இப்படித்தான். ஜூலை, ஆகஸ்டில் கர்நாடக அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்தால் பரிசல் ஓடாது, குளிக்கவும் தடை. பரிசலுக்கென்றே போகிறவர்கள் நீர்வரத்தை விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

வயிற்றுக்கும் ஒரு காலண்டர்

டூர் போகிறவர்கள் செய்யும் அடுத்த தப்பு, சாப்பாட்டில். கன்னியாகுமரி வரை போய் "சென்னை மாதிரி சாம்பார் இல்லையா?" என்று கேட்பது. அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே!

மீன் பிரியர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அந்த மே மாசத்தில் ராமேசுவரம் போய் "மீன் விலை இப்படியா?" என்று வாயைப் பிளந்து பயன் இல்லை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1-ந் தேதிதான் ஆரம்பம், ஜூலை 31 வரை. ஆகவே மே மாசம் மீன் வேண்டுமானால் குளச்சல், முட்டம் பக்கம் போக வேண்டும். தேங்காய் அரைத்த மீன் குழம்பும் மட்டை அரிசிச் சோறும் கிடைக்கும். ஜூலையில் மீன் வேண்டுமானால் தூத்துக்குடி, ராமேசுவரம். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்தவன் காசு மிச்சம் பிடிப்பான்.

பதநீரும் நுங்கும் கோடையில். சேலம், கிருஷ்ணகிரி மாம்பழம் மே, ஜூனில். பண்ருட்டிப் பலாவும் கோடைதான். தஞ்சைப் பக்கம் போனால் கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா, திருவையாற்றில் அசோகா. கொங்கு நாட்டில் அரிசியும் பருப்பும் சாதம், தேங்காய்ப் பால் ஊற்றிய சந்தவை. நெல்லையில் சொதிக் குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அல்வாவுக்கு நெல்லையப்பர் கோவில் எதிரே சாயங்காலம்தான் வரிசை நிற்கும். காலையில் போய் நின்று ஏமாறக் கூடாது. மதுரையில் ராத்திரி கறி தோசை, பகலில் ஜிகர்தண்டா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பையில் ஒரு மூலை காலியாக இருக்கட்டும்.

புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் கிடையாது. கறிக்கடைகளில் கூட்டம் குறைவு. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பயணம் போக அதைவிட நல்ல மாசம் இல்லை!

ஊர் வழக்கம்

மூன்றாவது, பழக்க வழக்கம். இதில் சறுக்குகிற சென்னைக்காரர்கள் ஏராளம்.

திருச்செந்தூர், சுசீந்திரம், கன்னியாகுமரி கோவில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் நின்று வாக்குவாதம் செய்வதற்கு ஒரு துண்டு கொண்டு போவது மேல். பெரும்பாலான கோவில்கள் மத்தியானம் நடை சாத்திவிட்டுச் சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறக்கும். ஒரு மணிக்குத் தஞ்சாவூர் போய் இறங்கி வெயிலில் தரையில் கால் சுட்டுக்கொள்ளும் குடும்பங்கள் தினமும் உண்டு. மத்தியானத்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிட வேண்டும்.

பங்குனி, சித்திரையில் தென் மாவட்டக் கிராமங்களிலும் கொங்குப் பக்கமும் அம்மன் கோவிலுக்குக் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டிய ஊரில் போய்க் கறிக்குழம்பு தேடக் கூடாது. நீலகிரியில் தோடர் மந்துக்குள் கேட்காமல் நுழைந்து படம் எடுக்கக் கூடாது. அது பொருட்காட்சி இல்லை, அவர்கள் வீடு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அந்த மலையில் தடை உண்டு. வீட்டில் இருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போனால் அபராதமும் இல்லை, அவமானமும் இல்லை.

பேச்சிலும் கொஞ்சம் பணிவு வேண்டும். நெல்லையில் "அண்ணாச்சி", மதுரையில் "அண்ணே", கோவையில் வார்த்தைக்கு வார்த்தை "ங்க". இந்த மூன்றும் வாயில் இருந்தால் பாதி விலாசம் கிடைத்த மாதிரி. ஆட்டோக்காரரை "ஏம்பா" என்று கூப்பிட்டு வழி கேட்டால் வழி கொஞ்சம் சுற்றித்தான் வரும்!

அப்போ எந்த மாசம்?

தை: தஞ்சைப் பக்கம் வயல் அறுப்பு. வெயிலும் இல்லை, மழையும் ஓய்ந்திருக்கும். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. அந்த மாசக் கடைசிக்குள் காரைக்குடி வீடுகளையும் பார்த்துவிடலாம்.

சித்திரை: மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் திருவிழா. பார்க்க வேண்டியதுதான். ஆனால் 2022-ல் அந்த நெரிசலில் 2 பேர் இறந்தார்கள். கைக்குழந்தையோடு ஆற்றுக்குள் இறங்க வேண்டாம். தள்ளி நின்று பார்த்தாலும் அழகர் அழகர்தான்.

ஆனி, ஆடி: குற்றாலம், தென்காசி, பொள்ளாச்சி.

புரட்டாசி: இதுதான் பலருக்கும் தெரியாத மாசம். காலாண்டுத் தேர்வு லீவு வருகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் தொடங்கும். அதற்குள் காவிரிப் பாசன ஊர்கள் பச்சைப் பசேல். குலசேகரன்பட்டினத்தில் தசரா, வேடம் போட்ட ஜனங்கள் தெருத் தெருவாக வருவார்கள். மலையில் மே மாசக் கூட்டம் கிடையாது.

ஐப்பசி, கார்த்திகை: கடலோரப் பயணத்தைத் தள்ளிப் போடுவது புத்திசாலித்தனம்.

"பிள்ளைங்களுக்கு மே மாசம்தானே நீண்ட லீவு? எங்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எல்லோருமே மே மாசம் மலைக்கு ஓடினால் மலை தாங்குமா? தாங்காது என்றுதான் ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு சாதாரண நாளில் 6 ஆயிரம் வண்டி, சனி, ஞாயிறில் 8 ஆயிரம் என்று கணக்கே போட்டுவிட்டார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த இ-பாஸ் தேவைப்படவில்லை என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை. மலையில் குடியிருக்கிறவன் குழாயில் தண்ணீர் வராமல் குடத்தோடு நிற்கும்போது, கீழே இருந்து போனவன் ரூமில் வெந்நீர் கேட்டுச் சத்தம் போடுகிறான். அவனும் மனுஷன்தானே? மே மாசத்தைச் சொந்த ஊருக்கும் நுங்குக்கும் மாம்பழத்துக்கும் விட்டுவிட்டு, மலையைப் புரட்டாசிக்கு வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

அரசாங்கம் செய்ய வேண்டியது

ஜனங்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. தென் மாவட்ட பஸ்கள் கிளம்பும் கிளாம்பாக்கத்திலும் எழும்பூர் ரெயில் நிலையத்திலும் விளம்பரப் பலகைகளுக்குப் பஞ்சம் இல்லை. "இந்த மாசம் இந்த ஊர் போகலாம், இந்த ஊர் வேண்டாம்" என்று மாசா மாசம் மாற்றி எழுதும் ஒரு பலகை வைக்கச் சுற்றுலாத் துறைக்கு எவ்வளவு செலவாகும்? நுங்கம்பாக்கம் வானிலை மையம் மாவட்டம் மாவட்டமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. அதைப் பலகையின் கீழே தினம் ஒட்டலாமே. குற்றாலத்தில் விசில் ஊதுவதற்கு முன்பே, எழும்பூரில் ஒரு வரி எழுதிவிட்டால் உயிர் மிஞ்சும்.

குடும்பத் தலைவர்களும் கொஞ்சம் முன்கூட்டி உட்கார்ந்து யோசிக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் ரெயில் முன்பதிவு 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்திருக்கிறது. போக நினைக்கும் தேதியில் இருந்து இரண்டு மாசம் பின்னால் எண்ணி, அந்தத் தேதியில் காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிட வேண்டும். பொங்கல், தீபாவளி டிக்கெட்டுக்கு அன்று காலையே உஷாராக இருக்க வேண்டும்.

கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு தினசரி காலண்டர் தொங்குகிறது. நல்ல நேரம், எமகண்டம், குளிகை எல்லாம் பார்த்துத்தான் வெளியே கிளம்புகிறார்கள். அதே தாளில் மாசத்தின் பெயரும் பெரிதாக அச்சடித்திருக்கிறது. டூர் போகும்போது அதையும் கொஞ்சம் பார்த்தால் பணமும் மிஞ்சும், பிள்ளைகளும் பத்திரமாக வீடு திரும்பும்.