ஒரு நாளைக்கு மூன்று வசனம்

தரம் 12, கலைப் பிரிவு

கடந்த வருடம் உம்மாவுடன் வெளியூர் வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்குக்குப் போயிருந்தேன். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. எனது சிங்களமோ கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். அவர் ஆங்கிலத்தில் பொறுமையாகக் கேட்டார்: "ஹவ் லோங் ஹேஸ் ஷீ பீன் டேக்கிங் திஸ் டெப்லட்?"

ஒரு நாளைக்கு எத்தனை குளிசை என்று கேட்பதாக எண்ணி "டூ" என்றேன். அவர் இரண்டு வருடம் என்று எழுதத் தொடங்கினார். உம்மாவோ சீனி வருத்தத்துக்கு ஒன்பது வருடமாக அந்தக் குளிசையை எடுக்கிறார். நல்லவேளையாக, பழைய கிளினிக் கொப்பியைப் புரட்டியபோது வைத்தியரே பிழையைக் கண்டுகொண்டார். திரும்பி வரும்போது உம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

எனக்கு ஆங்கிலம் தெரியாதா? தரம் 3 முதல் படிக்கிறேன். பன்னிரண்டு காலங்களையும் அட்டவணை போட்டுக் காட்டுவேன். 'லோங்' தெரியும், 'டெப்லட்' தெரியும். அவை ஒன்றுசேர்ந்து ஒருவரின் வாயிலிருந்து கேள்வியாக வந்தபோதுதான் விளங்கவில்லை. காரணம், நாம் சொற்களை ஒரு கொப்பியிலும் விதிகளை இன்னொரு கொப்பியிலும் படிக்கிறோம். பேசுவதோ வசனங்களில்.

தனிச்சொல் நம்மை எப்படி ஏமாற்றும் என்பதற்கு 'போடு' என்ற ஒரு சொல்லே போதும். லைட்டைப் போடு, சட்டையைப் போடு, கையெழுத்துப் போடு என்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது 'டர்ன் ஒன்', இரண்டாவது 'புட் ஒன்', மூன்றாவது 'சைன்'. 'போடு' என்றால் 'புட்' என்று மட்டும் மனனம் செய்தவள் லைட்டிலேயே தடுக்கி விழுவாள்.

இலக்கணமும் அப்படித்தான். "ஒன்பது வருடமாக எடுக்கிறார்" என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் "ஷீ ஹேஸ் பீன் டேக்கிங் இட் ஃபோர் நைன் இயர்ஸ்" என்று சொல்ல வேண்டும். அட்டவணையில் பலமுறை படித்தும் இது என் மனதில் நிற்கவில்லை. உம்மாவின் குளிசையோடு சேர்ந்த பிறகு மறக்கவே இல்லை. அதே அச்சில் "இட் ஹேஸ் பீன் ரெய்னிங் ஸின்ஸ் மோர்னிங்" என்று எழுதிப் பார்த்தேன். எவ்வளவு காலம் என்பதற்கு 'ஃபோர்', எப்போதிருந்து என்பதற்கு 'ஸின்ஸ்'. இரண்டு வசனங்களில் ஒரு விதி தானாகவே விளங்கியது.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. உண்ணும் முன்பும் உறங்கும் முன்பும் ஓதும் துஆக்களைச் சிறுவயதில் எப்படிக் கற்றோம்? அரபு இலக்கணம் படித்துவிட்டா? முழுதாகக் கேட்டோம், அந்தந்த வேளையில் ஓதினோம், பொருளைப் பின்னர் அறிந்தோம். வேளையோடு சேர்ந்ததால் அவை நாவில் நிலைத்தன.

வசனங்களை மனனம் செய்தால் கிளிப்பிள்ளை ஆகிவிட மாட்டோமா என்று ஒரு தோழி கேட்டாள். யாரோ எழுதிய வசனத்தை அப்படியே ஒப்பித்தால் ஆவோம்தான். அதனால்தான் நம் வசனத்தை நாமே எழுத வேண்டும் என்கிறேன். நம் சமையலறை, நம் பஸ், நம் வகுப்பறை இவற்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று வசனம். பிழை இருந்தால் ஆசிரியை திருத்தித் தருவார். இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசனங்களுக்குப் பின்னால் அது வரட்டும் என்கிறேன்.

பொது ஆங்கிலப் புள்ளி இசட் புள்ளியில் சேராது என்பதால் அந்தப் பாடவேளையில் வேறு கொப்பியைத் திறக்கிறோம். நானும் திறந்திருக்கிறேன். ஆனால் நமது அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. அந்த இணைப்பு அறுந்தால் என்னவாகும் என்பதைக் கிளினிக் கதிரையில் இருந்துகொண்டு பார்த்தேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும், "இன்றைக்கு என்ன வசனம் எழுதினாய்?" என்று மாலையில் கேளுங்கள். பிள்ளை பிழையாகப் பேசினால் சிரிக்க வேண்டாம். சிரிப்புக்குப் பயந்தே எங்களில் பலர் வாயைத் திறப்பதில்லை.

அண்மையில் மீண்டும் கிளினிக்குக்குப் போனோம். உம்மா நன்றாக உறங்குகிறாரா என்று வைத்தியர் கேட்டார். "நோ டொக்டர், ஷீ ஹேஸ் பீன் வேக்கிங் அப் எட் நைட் ஸின்ஸ் லாஸ்ட் வீக்" என்றேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். "என்னம்மா சொன்னாய்?" என்று உம்மா மெதுவாகக் கேட்டார். தமிழில் சொன்னேன். "ஓம், சரியாத்தான் சொல்லியிருக்கிறாய்" என்றார்.