கொலஸ்ட்ரால் நார்மல்தான்... அப்புறம் எதுக்கு ஸ்டாடின் மாத்திரை?

கொலஸ்ட்ரால் நார்மல்னு ரிப்போர்ட் வந்தாலும், பிரிட்டனில் சிலருக்கு ஸ்டாடின் மாத்திரை எழுதுகிறார்கள். ஏன்? வயது, பிபி, சுகர், சிகரெட் எல்லாவற்றையும் 'கியூரிஸ்க்' கணக்கில் போட்டு, அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வர எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கிறார்கள். இந்திய வம்சாவளி என்றாலே ரிஸ்க் கொஞ்சம் கூடும் கணக்கு இது!

முன்பு 20 சதவீத ரிஸ்க் இருந்தால்தான் மாத்திரை. 2014-ல் நைஸ் அமைப்பு அதை 10 ஆகக் குறைத்தது. 'நல்லா இருக்கிறவங்களுக்கு எதுக்கு?' என்று டாக்டர்களிலேயே ஒரு தரப்பு எதிர்த்தது. கேள்வி நியாயம்தான். 10 சதவீதம் என்றால், 100 பேரில் 90 பேருக்கு அந்த 10 ஆண்டுகளில் மாத்திரை இல்லாமலேயே எதுவும் வராது. அந்த 90 பேர் யார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.